எல்லைக்காரருக்கு முதலில் சொன்னேன்

1

“பெரியப்பா, நீங்கள் போய் இருக்கிற தெருவிலை இருந்து வெள்ளைக்காரர் எல்லாரும் வீட்டை வித்துப்போட்டு ஓடுகினமாம். மெய்யோ?”

போன கிழமை ரெலிபோனில் என் தம்பியின் மகள் துளசி கேட்ட கேள்வி இது. தகப்பன் என்னோடு ஏதோ காணி விஷயம் பேசிக்கொண்டிருக்க, இடையில் ரிசீவரைப் பறித்துக் கேட்டாள். அவளோடு படிக்கும் பிள்ளை ஒருத்தியின் மாமாவும் லண்டனில் இருக்கிறாராம். அவர் சொன்ன கதை. நான் முதலில் “ஓம்” என்றேன். பிறகு “அப்பிடி இல்லைப் பிள்ளை” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்லுவது என்று யோசிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி எடுத்தால் கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாதா, கிடைக்கிற நாளிலேயே அப்படித்தான்.

உங்கள் வாசிகசாலை மாஸ்ரர் சிறுவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுக் கனநாள். “லண்டனைப் பற்றி எழுதுங்கோ அண்ணை, ராணியின்ரை மாளிகை, பெரிய மணிக்கூட்டுக் கோபுரம், பிள்ளையள் விரும்பிப் படிப்பினம்” என்றார். ராணியின் மாளிகைப் பக்கம் நான் போனது ஊரிலிருந்து வந்த ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு. அன்று மழை. நான் பஸ் ஓட்டுகிறவன், பிள்ளைகளே. பஸ் ஓட்டுகிறவனுக்கு நகரத்தில் தெரிந்தது தன்னுடைய ரூட் மட்டுந்தான். ஆகையால் துளசியின் கேள்விக்கு மறுமொழி எழுதுகிறேன். நான் பெரிதாகப் படித்தவன் அல்ல. எழுத்துப் பிழைகளை மாஸ்ரர் திருத்துவார்.

எங்கள் வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்ற பலகையை நட்டு இந்தக் கிழமையோடு இரண்டு வருஷம். அந்தப் பலகையின் கதைதான் இது. தொடங்குமுன் ஒன்று. நீங்கள் எல்லோரும் ஷெல்லுக்குப் பயந்து, பாயும் பானையுமாக எத்தனை தரம் இடம்பெயர்ந்தவர்கள். நாங்கள் இங்கே ஓட ஆயத்தம் செய்தது ஒரு துண்டுப் பிரசுரத்துக்கும் கொஞ்சம் வாய்ப்பேச்சுக்கும். படித்துவிட்டுச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நான் குறை நினைக்க மாட்டேன்.

2

நாங்கள் இருப்பது லண்டனில் வால்தம்ஸ்டோ என்ற பகுதியில். இங்குள்ள வீடுகள் உங்கள் வீடுகளைப் போலத் தனித்தனியாக வளவுக்குள் நிற்பதில்லை. தெரு முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். ஒரு வீட்டில் தாளித்தால் மற்ற வீட்டில் தும்முவார்கள்.

ஜேர்மனியிலிருந்து இங்கு வந்தபோது என் மகள் அபிராமிக்கு ஒன்பது வயது. அங்கே எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பிள்ளை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், பழகிய வேலையையும் பழகிய பாஷையையும் விட்டுவிட்டு வந்தோம். அவள் இப்போது ஆங்கிலத்தில்தான் படிக்கிறாள், ஆங்கிலத்தில்தான் கனவும் காண்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மறுமொழி வரும். கோபம் வந்தால் மட்டும் ஜேர்மன்.

எங்கள் வலது பக்க வீட்டில் ரொன் என்ற வெள்ளைக்காரர். மனைவி இறந்து தனியாக இருக்கிறார். நான் இன்று ஓட்டும் அதே ரூட்டில் முந்திய காலத்தில் அவர் கொண்டக்டர். அது தெரிந்த நாளிலிருந்து என்னை விடமாட்டார். வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்று, “இண்டைக்கு எங்கை ட்ராபிக்கிலை இறுகி நிண்டாய், நேதன்?” என்று கேட்பார். யோகநாதன் என்ற என் பெயரில் அவருக்கு வாய்த்தது அந்த வால் மட்டுந்தான். அவர் பேசுவது ஆங்கிலம். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

இடது பக்கத்தில் நாங்கள் வந்தபோது கீத் என்று ஒருவர் இருந்தார். ஒருநாள் காலை வேலைக்குப் போகக் கதவைத் திறக்கிறேன், அவருடைய வாசலில் விற்பனைப் பலகை நிற்கிறது. எனக்கு மனம் நொந்துபோனது. உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் காணி விற்பதென்றால் முதலில் பங்காளிக்குச் சொல்ல வேண்டும், அடுத்து எல்லைக்காரருக்கு, அதாவது வேலிக்கு அடுத்த காணிக்காரருக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாள். சொல்லாமல் விற்றவனோடு வழக்குப் பேசியவர்களும் உண்டு. அதெல்லாம் இந்த ஊரில் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரே சுவரைப் பங்குபோட்ட மனுசன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என் மனைவி வதனி சிரித்தாள். “ஏன், அவர் சொல்லியிருந்தால் நீங்கள் வாங்கியிருப்பியளோ?”

ரொன் சிரிக்கவில்லை. “எனக்கும் சொல்லேல்லை. எவ்வளவு காலம் ஒண்டா இருந்து பியர் குடிச்சனாங்கள். கேட்டால் லண்டனுக்கு வெளியிலை எசெக்ஸ் பக்கம் காத்து நல்லதாம். காத்துக்கும் நிறம் இருக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.”

கீத் போன வீட்டுக்கு ஹுசைன் பாய் குடும்பம் வந்தது. பாகிஸ்தான்காரர், மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டுகிறவர். மனைவி பர்வீன். எங்கள் அபியோடு ஒத்த வயதில் அவர்களுக்கும் பிள்ளைகள். கீத்துக்குப் பின்னால் எங்கள் தெருவில் மற்ற வெள்ளைக்காரர் வாசல்களிலும் ஒவ்வொன்றாகப் பலகைகள் முளைத்தன. துளசி, நீ கேட்டதற்கு நான் முதலில் சொன்ன “ஓம்” இதுதான்.

3

பிறகு ரயில்களிலும் பஸ் ஒன்றிலும் குண்டு வெடித்த வருஷம் வந்தது. அந்தச் செய்தி உங்களுக்கும் எட்டியிருக்கும். அதன் பின் பல மாதங்களுக்கு, பஸ்ஸில் ஏறுகிற சனம் என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, என் காலடியில் கிடக்கும் சாப்பாட்டுப் பையைப் பார்க்கும். உள்ளே இருந்தது புட்டும் சம்பலும். திறந்து காட்டலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

வதனி தன்னுடைய பொட்டைப் பெரிதாக்கினாள். அவள் வேலை செய்வது ஒரு மருந்துக்கடையில். வழக்கமாக ஒட்டுவது மிளகளவு. இப்போது ஒரு பென்ஸ் காசளவு. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நாங்கள் முஸ்லிம்கள் இல்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டும். எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான் செய்தார்கள். சிலர் காரின் முன்கண்ணாடியில் பிள்ளையாரைத் தொங்கவிட்டார்கள்.

ஒருநாள் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க அபி கேட்டாள். “அம்மா, யூ ஆர் சேஃப், ஓகே. அப்ப பர்வீன் அன்ரி என்ன ஒட்டுறது?”

“தேத்தண்ணி ஆறுது, குடி” என்றாள் வதனி.

அந்த நிலைமையில்தான் கதவு இடுக்கு வழியாக ஒரு துண்டுப் பிரசுரம் வந்து விழுந்தது. வெளிநாட்டார் வேண்டாம் என்கிற வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று எங்கள் பிரதான வீதி வழியாக ஊர்வலம் போகப் போகிறதாம். ‘எங்கள் தெருக்களை எங்களுக்குத் திருப்பித் தா’ என்பது போன்ற வாசகம், ஒரு கொடி. அவர்களுக்கு எதிராக வேறு ஆட்களும் கூடப் போகிறார்கள் என்று கடைகளில் பேச்சு. தமிழ்க்கடைக்காரர் அன்றைக்கு ஷட்டர் திறப்பதில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வதனியின் தம்பி சிவம் சாப்பிட வந்தான். அவன் முன்னமே ரோம்ஃபோர்ட் பக்கம் வீடு வாங்கிப் போனவன். சோற்றில் கை வைக்குமுன் தொடங்கிவிட்டான்.

“அத்தான், இன்னும் இதுக்குள்ளை ஏன் கிடக்கிறியள்? சனம் எல்லாம் வெளிக்கிட்டிட்டுது.”

“ஆர் வெளிக்கிட்டது?”

“ஆர் வெளிக்கிடேல்லை எண்டு கேளுங்கோ. வெள்ளை போனால் வீட்டு விலை போகும், பள்ளிக்கூடம் போகும். பிறகு மிஞ்சுறது பாய்மாரும்...” என்று, கறுப்பு இனத்தவரை நம்மவர்கள் சொல்லும் ஒரு சொல்லைச் சொன்னான். சிறுவர் மலர் என்றபடியால் அதை நான் எழுதவில்லை. பெரியவர் மலர் என்றாலும் எழுதியிருக்க மாட்டேன்.

“மச்சான், வெள்ளைக்காரர் எங்களைக் கண்டு ஓடினவை எண்டுதானே நீ துள்ளினனீ?”

“அது அவங்கடை இனத்துவேசம் அத்தான். இது பிள்ளையின்ரை படிப்பு.”

வதனி கறிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, “அவன் சொல்லுறதிலையும் ஒரு ஞாயம் இருக்கு” என்றாள். அன்று இரவு கதைத்தோம். படிப்பு, விலை, காற்று. எல்லாவற்றையும் கதைத்தோம். பயம் என்ற சொல்லை இரண்டு பேரும் எடுக்கவில்லை. வீட்டை விற்பது என்று முடிவாயிற்று. அபியை ஒருவரும் கேட்கவில்லை.

4

அடுத்த நாள் வீட்டுத் தரகரிடம் போயிருக்கலாம். நான் போகவில்லை. கீத் செய்ததை நான் செய்யக்கூடாது என்று நினைத்தேன். முதலில் எல்லைக்காரருக்குச் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை என்று, அப்டன் பார்க் கடையில் வாங்கிய மாம்பழத்தை இரண்டு பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

முதலில் ரொன். என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டார். நான் சொன்னேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

“எனக்கு ஏன் முதல் சொல்லுறாய்? உன்ரை வீட்டை வாங்க என்னட்டை என்ன கிடக்கு?”

“வாங்கச் சொல்லேல்லை ரொன். பக்கத்து ஆளுக்குச் சொல்லிப்போட்டுத்தான் மற்றவைக்கு. அது எங்கடை ஊர் முறை.”

“அப்பிடி ஒரு முறை ஏன்?”

“மரியாதை. இவ்வளவு காலம் பக்கத்திலை இருந்தது.”

ரொன் மாம்பழத்தை எடுத்து மணந்து பார்த்தார். “மரியாதை. சரி. அதோடை, பிடிக்காத ஆள் ஒருத்தன் உள்ளை பூராமல் பாக்கவும் இது வசதிதானே?”

பிள்ளைகளே, நம் பழைய வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் ஒரு வெறுங்காணி கிடக்கிறது அல்லவா, பனை வடலியும் நாயுருவியுமாக? துளசிக்குத் தெரியும். நான் உங்கள் வயதில் இருந்தபோது அது வேறொருவருடையது. அவர் விற்க நினைத்து, எல்லைக்காரர் என்று, அப்பு என்று நான் கூப்பிடும் என் தகப்பனுக்கு முதலில் சொன்னார். வாங்க அப்புவுக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனால் அதைக் கேட்டு வந்திருந்தவர் ஒரு வாத்தியார். நல்ல மனுசன், எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். ‘எங்கடை ஆக்கள்’ இல்லை, அவ்வளவுதான். அப்பு அம்மாவின் சங்கிலியைக் கொடுத்து அந்தக் காணியை வாங்கி, வேலியை அடைத்தார். வீடு கட்டவுமில்லை, தோட்டம் செய்யவுமில்லை. இன்றைக்கும் வெறுமையாகக் கிடக்கிறது. வாத்தியார் அதற்குப் பிறகும் எனக்குக் கணக்குப் படிப்பித்தார். ஒரு சொல் சொல்லவில்லை.

அது இத்தனை காலத்துக்குப் பிறகு வால்தம்ஸ்டோவில், ஒரு கிழவனின் குசினியில், எனக்கு முன்னால் வந்து நின்றது.

ஹுசைன் பாய் வீட்டில் இன்னும் மோசம். அவர் என்னைச் சகோதரம் என்ற முறையில் பாய் என்பார், நானும் அவரைப் பாய் என்பேன். சொல்லி முடிய, நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“எங்களாலையோ, பாய்?”

“சே, இல்லை. பிள்ளையின்ரை பள்ளிக்கூடம்.”

“என்ரை பிள்ளையளும் அதே பள்ளிக்கூடந்தானே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பர்வீன் மாம்பழப் பையை வாங்கிக்கொண்டு, “தாங்ஸ், வதனிக்கும் சொல்லுங்கோ” என்று உள்ளே போனார்.

மரியாதைக்குச் சொன்ன சொல் என்ன செய்தது தெரியுமா? ரொன் அன்று ரெலிபோனில் தன் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். கடற்கரைப் பட்டினம் ஒன்றில் இருக்கும் அந்த மகள், “பக்கத்து வீட்டு ஆக்களும் போகினமோ? அப்ப உங்களுக்கு அங்கை என்ன வேலை?” என்று, தகப்பனைக் கேட்காமலே தரகருக்கு ரெலிபோன் அடித்துவிட்டாள். ஹுசைன் பாய் யோசித்திருக்கிறார்: இவன் படிப்பு என்கிறான், ஆனால் ஏதோ கேள்விப்பட்டுத்தான் ஓடுகிறான், விலை விழமுன் நாங்களும் பார்ப்போம் என்று. கீத்தைப் போல நான் பேசாமல் பலகையை நட்டிருந்தால், ஒரு பலகைதான் நின்றிருக்கும். முறையாகச் சொல்லப் போனபடியால் ஒரு கிழமைக்குள் வரிசையாக மூன்று. கலியாண வீட்டு வாசலில் வாழை கட்டினது மாதிரி.

தரகர்ப் பெடியனுக்கு நல்ல சந்தோஷம். “அருமையான தெரு, சேர்” என்றான்.

5

ஊர்வல நாள் சனிக்கிழமை. காலையில் எனக்கு ஷிப்ட். மத்தியானம் வரும்போது எங்கள் ரூட்டைத் திருப்பிவிட்டார்கள், பிறகு முழுவதுமாக நிற்பாட்டிவிட்டார்கள். பஸ்ஸைக் கராஜில் விட்டுவிட்டு நடந்தே வந்தேன். கடைகள் எல்லாம் பூட்டு. எங்கும் பொலிஸ், குதிரைப் பொலிஸும். தூரத்தில் இரண்டு பக்கத்துச் சத்தமும் கேட்டது. ஒன்றும் விளங்கவில்லை. நம் ஊர்த் திருவிழாவில் இரண்டு மேளம் ஒரே நேரத்தில் அடிப்பது போல ஒரு இரைச்சல்.

நான் வீட்டு வாசலுக்கு வரவும் ஊர்வலம் முடியவும் சரியாக இருந்தது. ரயில் ஸ்ரேஷனுக்குத் திரும்புகிற கூட்டம் ஒன்றைப் பொலிஸ்காரர் எங்கள் தெரு வழியாக அனுப்பினார்கள். ஹுசைன் பாய் வீட்டுத் திரைச்சீலை மூடியிருந்தது. ரொன் சப்பாத்துப் போடாமல், செருப்போடு தன் கேற்றில் வந்து நின்றார். “உள்ளை போ நேதன்” என்றார். நான் போகவில்லை. துணிவு என்று நினைக்காதீர்கள். வீட்டுத் திறப்பு எந்தப் பொக்கற்றில் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் சத்தம் போட்டு ஓய்ந்திருந்தார்கள். கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்கள். பாதிப்பேர் களைத்து, வீட்டுக்குப் போகும் மனுசர் மாதிரித்தான் வந்தார்கள். தோளில் பிள்ளையை வைத்திருந்த ஒருவரும் அதில் உண்டு. என்னை ஒருவரும் ஏசவில்லை.

முன்னால் வந்த ஒருவன்தான் பலகைகளைக் கண்டான். மற்றவர்களுக்குக் கை காட்டினான். ஹுசைன் பாய் வீட்டுப் பலகைக்கு ஒரு கைதட்டு. எங்கள் பலகைக்கு இன்னொன்று, பெரிதாக. பந்து விளையாட்டில் கோல் போட்டவனுக்குத் தட்டுவது போல. பிறகு ரொன்னின் பலகையைப் பார்த்துவிட்டு, “நீயுமோ தாத்தா? உன்னிலை பிழையில்லை” என்றான் ஒருவன். ரொன் அவனுக்குச் சொன்னதைச் சிறுவர் மலரில் எழுத ஏலாது.

கூட்டம் போய்க்கொண்டிருக்க, என்னுடைய வயதுக்காரர் ஒருவர் வரிசையை விட்டு விலகி என்னிடம் வந்தார். அவர் என் பஸ் யூனிபோர்மைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். என் தோளில் மெதுவாகத் தட்டினார்.

“தாங்ஸ், மேட். போற இடத்திலை நல்லா இருங்கோ.”

மனதாரச் சொன்னார். விருந்து முடிந்து போகிறவரை வாசலில் நின்று வழியனுப்புவது போல. எனக்குப் பழகிப்போன வாய், “தாங்க் யூ” என்று சொல்லிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். மேல் யன்னலில் அபி நின்றாள்.

6

அடுத்த நாள் காலை நான் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருக்க, அபி படியில் வந்து இருந்தாள்.

“அப்பா, தே வேர் சோ ஹாப்பி.”

“ஆர்?”

“உங்களுக்குத் தெரியும் ஆரெண்டு. நீங்கள் தாங்க் யூ சொன்னனீங்கள்.”

“வாயிலை வந்திட்டுது பிள்ளை.”

“வாசல் போர்டும் சும்மா வந்ததோ?” அவளுடைய தமிழ் நன்றாகத்தான் இருந்தது. “ஜேர்மனியிலை இருந்து வரேக்கையும் என்னைக் கேக்கேல்லை. இப்பவும் கேக்கேல்லை. ரொன் அங்கிளை மட்டும் போய்க் கேட்டிருக்கிறியள், வித் மாங்கோஸ்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “சரி, இப்ப கேக்கிறன். போவமோ, இருப்பமோ?”

“எனக்குத் தெரியாது. பட், அவங்கள் கைதட்ட நாங்கள் போகேலாது.”

வதனி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “பலகையைக் கழட்டுறதுக்குத் தரகருக்குச் சொல்லவேணுமோ, நாங்களே கழட்டலாமோ?” என்றாள். அவ்வளவுதான் அவளுடைய சம்மதம்.

ஆனால் எல்லைக்காரருக்குச் சொல்லிய சொல்லைத் திருப்பி எடுக்கவும் அவர்களிடம்தானே போக வேண்டும்? இந்த முறை மாம்பழம் இல்லை. ரொன் கதவைத் திறந்து என்னைப் பார்த்தவுடன், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு சுத்தியலும் குறடும் எடுத்துக்கொண்டு வந்தார். மகளிடம் என்ன சொல்லுவீர்கள் என்றேன். “காத்துப் பிடிக்கேல்லை எண்டு சொல்லுவன்.” எங்கள் பலகையை அவர் கழற்றினார், அவருடையதை நான் கழற்றினேன். தரகர்ப் பெடியன் ரெலிபோனில் நெடுநேரம் ஏசினான். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏச்சுக் கேட்பது பஸ்காரருக்குப் பழக்கந்தானே.

ஹுசைன் பாய் தன் பலகையைக் கழற்றவில்லை.

“உங்களாலை இல்லை, பாய்” என்றார். “பர்வீனுக்கு அண்டைக்குப் பிறகு நித்திரை இல்லை. அவவின்ரை தங்கச்சி இல்ஃபோர்டிலை இருக்கிறா. அங்கை போறம்.”

இருங்கோ என்று கேட்டுப் பார்த்தேன். எந்த முகத்தோடு கேட்பது? முதலில் ஓட வெளிக்கிட்டவன் நான்.

சில மாதம் கழித்து ஒரு மாலை அவர் எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு பை ஆப்பிள்.

“வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டு வந்திருக்கு. நீங்கள் எனக்கு முதல் சொன்னனீங்கள். அதுதான் நானும் உங்களுக்கு முதல் சொல்லுறன். உங்கடை ஆக்கள் ஆரும் வாங்க இருந்தால் சொல்லுங்கோ, நான் பொறுக்கிறன்.”

நான் யோசிக்க வேண்டும் என்றேன். அன்றைக்கே சிவத்துக்கு எப்படியோ கதை போய்விட்டது. ரெலிபோன் வந்தது.

“அத்தான், விடாதேங்கோ! எங்கடை ஆள் ஒருத்தரைப் பிடிச்சுப் போடுங்கோ. ஜேர்மனியிலை இருந்து ஒரு குடும்பம் வர இருக்கு, நான் கதைக்கிறன். இல்லாட்டி ஆர் வருவான், எவன் வருவான் எண்டு தெரியாது.”

ஒருத்தரைப் பிடித்துப் போடலாம்தான். எங்கள் ஆட்களாக இருந்தால் வதனிக்கும் பேச்சுத்துணை. தாளித்தாலும் தும்ம மாட்டார்கள். அப்பு வேலி அடைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. கணக்கு வாத்தியார் கரும்பலகைக்கு முன்னால் நின்று, ஒரு சொல்லும் சொல்லாமல் எனக்குப் பின்னக்கணக்குக் காட்டித் தந்ததும் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் ஹுசைன் பாயிடம் போனேன். “எங்கடை ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை, பாய். கேட்டு வந்தவைக்கே குடுங்கோ. ஆர் வந்தாலும் சரி. பேரை மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

அவர் பெயரைச் சொன்னார். சரியாகச் சொல்லப் பழக எனக்கு இரண்டு மூன்று தரம் எடுத்தது. கானா நாட்டுக் குடும்பம். அவர்கள் சாமான் இறக்கிய காலையில் நான் வேலைக்குப் போகக் கதவைத் திறந்தேன். ஒரு கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் வந்தார். “குட் மோர்னிங், மிஸ்டர் மென்சா” என்றேன். கதிரையை இறக்கி வைத்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“என்ரை பேர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“முதலிருந்தவர் சொல்லிப்போட்டுத்தான் போனவர்.”

வதனி அன்று பெரிய சட்டியில் சமைத்தாள். பொட்டு எப்போது பழையபடி மிளகளவு ஆனது என்று நான் கவனிக்கவில்லை.

தெரு இன்றும் முழுக்க அமைதி என்று சொல்ல மாட்டேன். பலகைகள் இன்னும் அங்கொன்று இங்கொன்றாக வருகின்றன. துண்டுப் பிரசுரமும் வருகிறது. சில நாளில் எனக்கே போய்விடலாமா என்று இருக்கும். களைப்புத்தான். ஷிப்ட் முடிந்து வரும்போது ரொன் இன்னமும் கேட்கிறார், எங்கை இறுகி நிண்டாய் என்று.

ஆகவே துளசி, ஓடினார்கள், மெய்தான். நாங்களும் ஓடப் பார்த்தோம், அதுவும் மெய். லைன் அறுந்த இடத்தில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இனி நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். நீ ரிசீவரைப் பறிக்கும்போது உன் அப்பா என்னிடம் கிழக்குக் காணியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆரோ வீடு கட்டக் கேட்டு வந்திருக்கிறார்களாம். “என்ன ஆக்கள் எண்டு விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன் அண்ணை” என்றார். அந்தக் காணி என் பங்குக்கு வந்தது. அப்பாவிடம் போய்ச் சொல்லு, விசாரிக்கத் தேவையில்லையாம், வந்தவரின் பெயரை மட்டும் கேட்டுச் சொல்லட்டுமாம் என்று. சரியாகச் சொல்லிப் பழக எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.